கோழிக்கு மூன்று நோய்ப்பெயர்: கொல்லும் அதிகாரத்தின் வரலாறு குறித்து

1

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் கோழிச் சாவுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. வாசல் கூட்டும் பெண்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருந்தகத்துப் பதிவேட்டில் இருப்பது ராணிக்கெட். 2006க்குப் பிறகு செய்தித்தாளும் தொலைக்காட்சியும் கொண்டுவந்து சேர்த்தது பறவைக் காய்ச்சல்; ஆய்வகத்தின் மொழியில் எச்5என்1. முதல் இரண்டும் ஒரே நோயின் பெயர்கள். மூன்றாவது வேறு வைரஸ், வேறு நோய். ஆனால் கொத்தாகச் செத்துக் கிடக்கிற கோழிகளைக் கண்ணால் மட்டும் பார்த்து, இது அதுவா இதுவா என்று யாராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'வெள்ளைக்கழிச்சல்' என்பது எச்சத்தைத் தினமும் கூட்டி அள்ளுகிறவளின் கண்ணிலிருந்து பிறந்த பெயர். கழிச்சலின் நிறம் மாறியதை முதலில் பார்ப்பவள் அவள்தான். 'ராணிக்கெட்' என்பது இமயமலை அடிவாரத்து ராணுவ முகாம் ஊர் ஒன்றின் பெயர். வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு வேலை பார்க்கும் அதிகாரியிடமிருந்து பிறந்தது. 'எச்5என்1' என்பது வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களுக்கு ஆய்வகம் இட்ட எண். எச்சம், வரைபடம், எண். நோய்க்குப் பெயர் வைக்கும் உரிமை முற்றத்திலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து ஆய்வகத்துக்கும் இடம்பெயர்ந்த வரலாறு இந்த மூன்று பெயர்களுக்குள் இருக்கிறது. பெயர் வைக்கும் உரிமை எங்கே போகிறதோ அங்கேதான் 'இதைக் கொல்லு, இதை விடு' என்று சொல்லும் உரிமையும் போய்ச் சேர்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடப்பெயர்ச்சியைப் பற்றியது.

2

பாப்பாரப்பட்டி என்றதும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சுப்பிரமணிய சிவா. 1908இல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போனவர், 1912இல் வெளியே வந்தபோது தொழுநோயைச் சுமந்துகொண்டு வந்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டுவதற்கு இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் சிவா இதே ஊரில் இறந்தார். விழா எடுப்பவர்கள் இந்த வரலாற்றைத் தியாகத்தின் கதையாகச் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அவருடைய தியாகத்தை அல்ல, அவருடைய உடம்பை. தொழுநோயைக் காரணம் காட்டி அரசு அவரை ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தது. அவர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர்ஊராகப் போய்ப் பேசினார்.

இந்தத் தடையைத் தனி ஒரு அதிகாரியின் வன்மமாக மட்டும் பார்த்தால் விஷயம் நழுவிவிடும். 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தொற்றுநோயாளி ரயில் பெட்டியில் ஏறுவதைக் குற்றமாக்கியது. 1897இல் பம்பாய் பிளேக்கை ஒட்டிக் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 1898இல் தொழுநோயாளிகள் சட்டம். 1899இல் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ், ஃபார்சி நோய்களுக்கான சட்டம். பத்தாண்டுக்குள் நான்கு சட்டங்கள். மனித உடம்பும் விலங்குடம்பும் ஒரே மேசையில், ஒரே பேனாவால் வகைப்படுத்தப்பட்டன. நோயுற்ற குதிரையைக் கொல்லலாம். தெருவில் பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்து அடைக்கலாம். ஊருக்குள் அனுமதிக்கலாம், அனுமதிக்காமலும் இருக்கலாம். தண்டவாளத்தின் மேல் எது நகரலாம், எது நகரக்கூடாது என்பதுதான் காலனி அரசு நோயைப் பார்த்த பார்வையின் அச்சாணி.

ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டுவார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. பிளேக் வந்த ஊரைக் கட்டம்கட்டமாகப் பிரித்து, வீடுவீடாகக் கணக்கெடுத்துக் கண்காணிப்பது மற்றொன்று. சிவாவுக்கு நேர்ந்தது முதல் மாதிரி. இரண்டாவது மாதிரி எண்பது ஆண்டு கழித்து வேறொரு உயிருக்கு நேர்ந்தது. அதில் ஃபூக்கோ சொல்லாத மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. தள்ளிவைத்து, கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கோழி இந்தச் சட்டங்களில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 1866இலேயே மதராஸ் மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் வந்துவிட்டது. 1871இல் மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம். 1889இல் பூனாவில் பாக்டீரியா ஆய்வகம். 1893இல் அது முக்தேஸ்வருக்குப் போனது. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி. எல்லாம் குதிரைக்கும் மாட்டுக்கும். குதிரை ராணுவத்தின் கால். மாடு நிலவரியின் கால். கோழி யாருடைய கால்? அது வரி கட்டவில்லை, பீரங்கி இழுக்கவில்லை. பெண்ணின் கையில் இருந்தது. ஆகவே அரசின் கண்ணில் அது விலங்காகவே படவில்லை.

3

கோழியின் பொருளாதாரத்துக்குத் தமிழில் ஒரு அழகான சொல் இருக்கிறது. சிறுவாடு. வீட்டு ஆம்பளைக்குத் தெரியாமல், தெரிந்தாலும் கேட்காமல், பெண் சேர்த்துவைக்கும் காசு. முட்டை விற்ற காசு, பொட்டைக்கோழி விற்ற காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பள்ளிக்கூடத்தில் பணம் கேட்டார்கள் என்றால், பண்டிகைக்கு மகள் வருகிறாள் என்றால் அந்தக் காசுதான் எழுந்து வரும். நிலம் அவள் பெயரில் இல்லை. மாடு கூட்டுறவுச் சங்க அட்டையில் அவன் பெயரில் இருக்கும். கோழி மட்டும் கேள்வியில்லாமல் அவளுடையது. கறிக்கு அறுக்கலாமா என்று அவளைக் கேட்டுத்தான் அறுக்க வேண்டும்.

நிலம் இல்லாதவர்களுக்கிடையே கோழியை வாரத்துக்கு விடுகிற வழக்கமும் உண்டு. ஒருத்தி தன் பொட்டைக்கோழியை இன்னொருத்தியிடம் விடுவாள். அவள் அடைவைத்து, குஞ்சு பொரித்து, பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைத்து வளர்ப்பாள். குஞ்சுகள் ஆளுக்குப் பாதி. நோய் வந்து செத்தால் நட்டமும் இருவருக்கும்தான். எழுத்தில்லாத ஒப்பந்தம் இது. இதில் சுரண்டல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோழி விட்டவள் கொஞ்சம் மேலே, வாங்கியவள் கொஞ்சம் கீழே. ஆனாலும் இந்த ஒப்பந்தத்தில் வளர்ப்பவளுக்குக் கோழியின் மேல் பாதி உரிமை இருந்தது. இந்தப் 'பாதி'யை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1920களின் பிற்பகுதியில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் நோய் ஒன்று பதிவானது. அதே காலத்தில் குமாவூன் மலைப்பகுதி ராணிக்கெட்டில் எட்வர்ட்ஸ் என்ற அதிகாரி அதைக் கண்டு எழுதினார். உலகத்துக்கு அது நியூகாசில் நோய், இந்தியாவுக்கு ராணிக்கெட். நம் முற்றங்களில் அதற்கு முன்னாலேயே கோழிகள் வெள்ளையாகக் கழிந்து செத்திருக்கலாம். எழுதிவைக்க ஆளில்லாத சாவுக்கு ஆண்டு கிடையாது.

1932இல் இராணிப்பேட்டையில் தொடங்கப்பட்ட ஊநீர் நிலையம் பின்னால் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக வளர்ந்து, கோழிக்கும் தடுப்பூசி தயாரித்தது. ராணிக்கெட், இராணிப்பேட்டை என்ற பெயர் ஒற்றுமையில் குழம்பி, "அந்த ஊர்ல பண்ற ஊசி, அதான் அந்தப் பேரு" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்க ஒன்றுமில்லை. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஒரே திசையிலிருந்து வருவதாகத்தானே அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

இந்த ஊசியின் வரலாற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். கோடைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். விடியற்காலையில், கோழியைக் கூட்டைவிட்டுத் திறந்துவிடுவதற்கு முன்னால் வந்தால்தான் பிடிக்க முடியும். பத்துமணிக்கு வண்டி வந்தால் கோழி காட்டில் நிற்கும். முகாம் வெற்றியா தோல்வியா என்பதை இந்த ஒரு சிறு விஷயமே தீர்மானித்துவிடும். முற்றத்தின் நேரத்துக்கு அரசு வந்தால் நோய் நிற்கிறது. அரசின் நேரத்துக்கு முற்றம் வரவேண்டும் என்றால் நிற்பதில்லை. அரசு பெண்ணின் கோழியைக் காப்பாற்றும் பொருளாகப் பார்த்த ஒரே இடம் இந்த ஊசிதான். எவ்வளவு அரைகுறையாக நடந்தாலும் அதன் உள்ளடக்கம் இதுதான்: கோழி வாழவேண்டும்.

4

1971இல் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸைத் தொடங்கினார். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. அதே 1982இல்தான் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும். 1989இல் கருணாநிதி ஆட்சி சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. படிப்படியாகக் கூடி 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. ஏழைப் பிள்ளையின் தட்டில் விழுந்த அந்த முட்டையைக் கொண்டாடாதவன் மனிதனில்லை. பல மாநிலங்களில் சைவத்தின் பெயரால் அந்த முட்டையைப் பிள்ளைகளின் வாயிலிருந்து தட்டிப் பறித்த கதையும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த முட்டை பாப்பாரப்பட்டிப் பிள்ளைக்குப் பாப்பாரப்பட்டி முற்றத்திலிருந்து வரவில்லை. கூண்டிலிருந்து வந்தது. ஊரில் கோழி வளர்ப்பவளுக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நாமக்கல் வந்து நின்றது. 1985இல் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அறிவு தொழிலின் பக்கத்தில் குடியேறியது.

கறிக்கோழி வேறு வழியில் போனது. கோவை, உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் 1990களில் ஒப்பந்த முறை வேர்பிடித்தது. நிறுவனம் குஞ்சு தரும், தீவனம் தரும், மருந்து தரும். விவசாயி கொட்டகை கட்டுவார், தண்ணீர், மின்சாரம், உழைப்பு தருவார். ஆறு வாரம் கழித்து லாரி வந்து அள்ளிப்போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தருமபுரி மாவட்டத்திலும் இப்படிப்பட்ட கொட்டகைகள் எழுந்தன. மானாவாரி நிலம், அடியில் போய்விட்ட தண்ணீர், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள். ஊரில் இருக்கிறவனுக்குக் கொட்டகை ஒரு பிடிமானமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

வாரத்துக்கு விட்ட கோழியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வளர்ப்பவளுக்குப் பாதி. இங்கே வளர்ப்பவனுக்குக் கோழியில் ஒரு இறகுகூடச் சொந்தமில்லை. குஞ்சு நிறுவனத்துடையது, கோழியும் நிறுவனத்துடையது. கொட்டகைக் கடன் மட்டும் இவனுடையது. தன் நிலத்தில், தன் கொட்டகையில் இருக்கும் கோழியை அறுத்துத் தின்ன இவனுக்கு உரிமை கிடையாது. விவசாயி என்ற பெயரில் அவன் கூலி. கூலிக்குரிய சட்டப் பாதுகாப்பும் அவனுக்கு இல்லை, ஏனென்றால் காகிதத்தில் அவன் விவசாயி. உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்ற பழைய கேள்வியை மறந்துபோன கோட்பாட்டாளர்கள் ஒருமுறை இந்தக் கொட்டகைக்குள் நுழைந்து வரலாம்.

கொட்டகைக்குள் இன்னொன்றும் நடக்கிறது. ஒரே இனத்து, ஒரே வயசுக் கோழிகள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கின்றன. மரபில் கிட்டத்தட்ட அச்சடித்த மாதிரி. முற்றத்துப் பத்துக் கோழியில் ஒன்றுக்கு நோய் வந்தால் வைரஸ் பத்தோடு முட்டி நிற்கும். கொட்டகையில் அதற்கு மறு உடம்பு, மறு உடம்பு என்று வரிசை நிற்கிறது. மெல்லக் கொல்கிற வைரஸாக இருந்துதான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு அங்கே இல்லை. ராப் வாலஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருவதன் சாரம் இது.

5

2006 பிப்ரவரி 18. மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூர். இந்தியாவில் எச்5என்1 இருப்பதாக முதன்முதலாக உறுதியான நாள். நவாப்பூர் கோழிப்பண்ணைகளின் ஊர். அறிவிப்புக்குச் சில வாரம் முன்பிருந்தே அங்கே கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. ராணிக்கெட் என்று சொல்லப்பட்டது. போபாலின் உயர்பாதுகாப்பு ஆய்வகம் எச்5என்1 என்று சொன்ன பிறகும் தொழில் தரப்பிலிருந்து, இல்லை இது ராணிக்கெட்தான் என்ற வாதம் கிளம்பியது. பெயர் என்பது இங்கே என்ன வேலை பார்க்கிறது பாருங்கள். ராணிக்கெட் என்றால் வியாபாரம் தொடரும். எச்5என்1 என்றால் மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை கோழியும் சாகவேண்டும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இரண்டு பெயருக்கும் நடுவில் கழிந்த அந்த வாரங்களில் வைரஸ் எந்தப் பெயரையும் பற்றிக் கவலைப்படாமல் தன் வேலையைப் பார்த்தது.

தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு நோய் வரவில்லை, விலைச்சரிவு வந்தது. வளைகுடா நாடுகள் இந்திய முட்டையை நிறுத்தின. ரயில்வே தன் உணவுப் பட்டியலிலிருந்து கோழியை எடுத்தது. ஒரு காலத்தில் சிவாவுக்கு மூடிய ரயில் இப்போது கோழிக்கும் மூடியது. கோழிக்கறி மேளாக்கள் நடந்தன. மேடையில் அரசியல்வாதிகள் கோழிக்கால் கடிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நன்றாகச் சமைத்த கறியில் வைரஸ் பிழைக்காது என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லக் கடிக்கும் வாய் தேவைப்பட்டது. ஆனால் கோழி பிடிக்கும் தொழிலாளிக்கு, அறுக்கும் கடைக்காரருக்கு, எச்சம் அள்ளுகிறவருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அந்த மேடைகள் சொல்லவில்லை. தின்பவனின் பயம் தீர்க்கப்பட்டது. தொடுபவனின் ஆபத்து பேசப்படவில்லை.

2008 ஜனவரியில் மேற்கு வங்கம். பீர்பூமில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. சுமார் 40 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. அங்கே முற்றத்துக் கோழிகளே அதிகம். பெண்கள் கோழியைப் புடவைக்குள் மறைத்தார்கள், சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பினார்கள் என்று செய்திகள் வந்தன. அறியாமை என்று எழுதினார்கள். எனக்கு அது கணக்காகப் படுகிறது. 2006 தொட்டு அரசு வைத்த இழப்பீடு முட்டைக்கோழிக்கு 40 ரூபாய், கறிக்கோழிக்கு 30 ரூபாய். சந்தையில் நாட்டுக்கோழி விலை என்ன, இது என்ன? அதுவும் கையில் எப்போது வரும், யார் கையில் வரும்? குடும்பத் தலைவர் பெயர் கேட்டு எழுதினால், அவளுடைய சிறுவாடு அவனுடைய பாக்கெட்டுக்குப் போகும். முதன்முதலாக அரசு அவளுடைய கோழியை எண்ணியது, கொல்வதற்காக. எண்ணி முடித்ததும் அதை அவளிடமிருந்து பிடுங்கி அவன் பெயரில் எழுதியது. கோழியை மறைத்தவளை வைரஸுக்குத் துணைபோனவள் என்று சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப்பார்க்க வேண்டும்.

மறைத்த கோழியோடு வைரஸும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இழப்பீட்டைக் குறைத்து மிச்சம் பிடித்த பணம் நோய்ப் பரவலில் பல மடங்காகச் செலவானது. இது மனிதாபிமானத்தின் வாதம் மட்டுமில்லை, நோய்க்கட்டுப்பாட்டின் வாதமும்கூட. 2021இல் கேரளம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும், அழித்த முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தது. ஒரு அரசால் முடிந்தது.

2012 அக்டோபரில் நோய் நம் வாசலுக்குப் பக்கத்தில் வந்தது. பெங்களூரின் ஹெசரகட்டா. வந்தது முற்றத்துக்கில்லை, மத்திய அரசின் கோழிப்பண்ணை நிறுவனத்துக்கு, அங்கிருந்த வான்கோழிகளுக்கு. மற்றவர்களுக்கு வளர்ப்பு முறை சொல்லிக்கொடுக்கும் இடம் அது. உயிர்ப்பாதுகாப்பு இல்லாத ஏழையின் முற்றம்தான் நோயின் ஊற்று என்று பேசிவந்த குரல்கள் அந்த மாதம் கொஞ்சம் தணிந்தன.

6

உலகக் கதையும் இதே போக்கில்தான் இருக்கிறது. 1878இல் இத்தாலியில் பெரோன்சிதோ 'கோழிக் கொள்ளைநோய்' என்று விவரித்தது இன்புளுயன்சா வைரஸ்தான் என்று 1955இல்தான் தெரிந்தது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 மனிதர்களைத் தொட்டது. 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். நகரத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களில் கொன்றார்கள். தாய்லாந்து கோழி ஏற்றுமதி நாடு. அங்கே கோழிகள் செத்துக்கொண்டிருப்பதை அரசு 2004 ஜனவரியில்தான் ஒப்புக்கொண்டது. பிறகு சண்டைச் சேவல்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கியது. ஏற்றுமதிக் கோழியின் நோய் ரகசியம். ஏழையின் சேவலுக்குப் பாஸ்போர்ட்.

2007இல் இந்தோனேசியச் சுகாதார அமைச்சர் சிதி ஃபடிலா சுபாரி, தன் நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப மறுத்தார். நாங்கள் கொடுக்கும் வைரஸிலிருந்து பணக்கார நாட்டுக் கம்பெனி தடுப்பூசி செய்யும், அதை எங்களால் வாங்க முடியாது, பிறகு எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. உலகம் அவரைத் திட்டியது. நான்காண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2011இல் வைரஸ் பகிர்வுக்கும் பலன் பகிர்வுக்கும் ஒரு சட்டகம் உருவானது. வைரஸுக்கும் உடைமை அரசியல் உண்டு என்பதை ஒரு ஏழை நாடு சொல்லவேண்டியிருந்தது.

2022இலிருந்து அமெரிக்காவைப் பாருங்கள். உயிர்ப்பாதுகாப்பின் உச்சி என்று சொல்லப்பட்ட பண்ணைகளில் 15 கோடிக்கும் அதிகமான பறவைகள் நோயிலும் கொன்றொழிப்பிலும் போயின. வைரஸ் கறவை மாடுகளுக்கும் தாவியது. 2025இல் அமெரிக்காவின் முட்டைப் பஞ்சத்தைத் தீர்க்க நாமக்கல்லிலிருந்து சுமார் ஒரு கோடி முட்டை கப்பலேறியது. பெருமைப்பட்டுக்கொண்டோம். பெருமைக்குள்ளே ஒரு எச்சரிக்கை இருந்தது. அங்கே விழுந்ததும் இங்கே நிற்பதும் ஒரே மாதிரிக் கொட்டகைகள்தான்.

7

நம் பக்கத்திலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. பறவைக் காய்ச்சல் என்பதே மருந்துக் கம்பெனிகளின் சதி, பன்னாட்டு முதலாளியின் நாடகம், நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்கிற பேச்சு. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் இதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. வைரஸ் நாட்டுக்கோழியையும் கொல்லும். 2021 ஜூலையில் டெல்லியில் எச்5என்1ஆல் ஒரு சிறுவன் இறந்தான். 2025இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட மனிதத் தொற்றுகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இந்த வைரஸ் மனிதரிலிருந்து மனிதருக்கு எளிதில் தாவக் கற்றுக்கொண்டால் முதலில் சாகப்போவது கொட்டகைக் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும்தான். ஆகவே நோய் வந்த இடத்தில் கோழிகளைக் கொல்வது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'கொல்லாதே' என்பது இங்கே அரசியல் முழக்கமாக ஆக முடியாது. யாருடைய கோழி, யார் விலை வைத்தது, யார் கையில் காசு, யார் வெறுங்கையால் பிணத்தை அள்ளினார்கள் என்பவைதான் அரசியல் கேள்விகள்.

2009இல் இந்தியாவில் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1899இன் குதிரைச் சட்டத்தை அது நீக்கியது. காலனியச் சட்டம் போய்விட்டது என்று மகிழலாம். ஆனால் இழப்பீடு என்று வரும்போது பேசப்படுவது விலங்கின் உடைமையாளர். ஒப்பந்தக் கொட்டகையில் உடைமையாளர் யார்? காகிதப்படி நிறுவனம். கொட்டகை சுத்திகரிப்பு, கண்காணிப்பு என்று மூன்று மாதத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடக்கும்போது கடன் தவணை கட்டவேண்டியவர் யார்? வளர்த்தவர். வாரத்துக்கு வளர்த்தவளின் 'பாதி' இங்கே எந்த வரியிலும் இல்லை. கொல்லும் வட்டம் பின்னாளில் மூன்று கிலோமீட்டரிலிருந்து ஒன்றாகச் சுருங்கியது நல்லதுதான். வட்டத்தின் ஆரம் சுருங்கியதே தவிர, வட்டத்துக்குள் யார் சொல் செல்லும் என்பது மாறவில்லை.

2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 85 கோடிக் கோழியினப் பறவைகள். அவற்றில் 31 கோடிக்கு மேல் முற்றத்துப் பறவைகள். தமிழ்நாடு 12 கோடியோடு முதலிடம். இந்த எண்களைக் காட்டித் தொழிலின் வளர்ச்சியைப் பேசுவார்கள். எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னால் எடுத்த நடுகல் இருக்கிறது. சேவலின் உருவமும் அது எந்தச் சேரிச் சேவல் என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நடுகற்கள் நிறைந்த தருமபுரிக்காரர்களுக்கு இதன் பொருள் புரியும். பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. சேவற்சண்டையை மீட்டெடுக்கவும் சொல்லவில்லை. ஒரு கோழியின் சாவுக்கு ஊரும் பெயரும் சொல்லமுடிந்த ஒரு பதிவு முறை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, லட்சக்கணக்கில் என்று எழுதி மூடும் பதிவேட்டில் வளர்த்தவள் பெயர்கூட இல்லை.

அப்படியானால் கேட்கவேண்டியது என்ன? கொல்லும் கோழிக்கு அன்றைய சந்தை விலை, அன்றைக்கே, வளர்த்தவள் கையில். ஒப்பந்தக் கொட்டகைக்காரருக்கு வளர்ப்புக் கூலியும் கொட்டகை முடங்கிய மாதங்களுக்கான ஈடும், நிறுவனத்தின் பங்கிலிருந்து. கோழி பிடிப்பவர், அறுப்பவர், புதைப்பவர் எல்லாருக்கும் காப்புடையும் மருத்துவக் கண்காணிப்பும் சட்ட உரிமையாக. எந்தப் பண்ணையில் எத்தனை செத்தன என்ற கணக்கு வணிக ரகசியமாக இல்லாமல் ஊராட்சிப் பலகையில். சீனா, வியட்நாம், எகிப்து, 2023 முதல் பிரான்சின் வாத்துப் பண்ணைகள் என்று தடுப்பூசி வழியைத் தேர்ந்த நாடுகளின் அனுபவத்தை ஏற்றுமதியாளர் நலனை மட்டும் வைத்து எடைபோடாமல் திறந்த விவாதம். தடுப்பூசி போட்டால் நோய் வெளியே தெரியாமல் பரவும் ஆபத்து உண்டு என்பதையும் அந்த விவாதத்தில் மறைக்காமல் பேசவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கழிச்சல் நிறம் மாறியதை முதலில் பார்ப்பவள் வாசல் கூட்டுகிறவள்தான் என்று தொடக்கத்தில் சொன்னேன். போபாலுக்கு மாதிரி போவதற்குப் பல நாள் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கால்நடை மருந்தகம் இருக்கிறது. "ஏம்பா, நேத்திலிருந்து நாலு கோழி கழுத்தத் திருகிக்கினு செத்துப் பூடுச்சு" என்று அவள் வந்து சொன்னால், அந்தச் சொல்லைத் தகவலாக எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும், சொன்னதற்காகத் தன் சிறுவாடு பறிபோகாது என்ற உத்தரவாதமும் அவளுக்கு வேண்டும். அது இல்லாதவரை அவள் சொல்லமாட்டாள். வைரஸைப் பற்றிய முதல் செய்தி முந்தானைக்குள்ளேயே கிடக்கும்.